குனிந்தால் ஓடும் வண்டி

ஒரு மாதமாக நான் கொண்டுபோகிற தேநீர் தட்டில் தளும்புகிறது. கோல் மார்க்கெட் பக்கம் ஓர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தேநீர் கொடுப்பவன் நான். தில்லிக்கு வந்து இந்தி பழகுவதற்கு முன்பே குனியப் பழகிவிட்டேன். சாகிப் கூப்பிட்டால், என்ன சொல்கிறார் என்று காது கேட்குமுன் முதுகு வளைந்துவிடும். அந்த முதுகைத்தான் வியன்னாவில் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மகள் செல்விக்கு அங்கே கணினி வேலை. பத்து நாள் வந்து இருங்கள் என்று அழைத்தவள், ஊரைச் சுற்றிப் பார்க்க மின்சார வண்டிக்குச் சொல்லிவைத்திருந்தாள். ஆளுக்கு ஒன்று. இரண்டு சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். பிரேக் கிடையாது. வழிகாட்டியாக வந்த லூகாஸ் என்ற இளைஞன் என்னைப் பார்த்து மரியாதையாக ஏதோ சொன்னான். மரியாதைக்குக் குனியாமல் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. குனிந்தேன். வண்டி அவன்மேல் பாய்ந்தது. அவன் விலகிக்கொண்டான். “மாஃப் கரோ சாப்” என்றேன். மன்னிப்புக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குனிய வேண்டுமல்லவா? இந்த முறை அவன் முழங்காலில் இடித்தேன்.

“அப்பா, உங்களுக்கு என்ன இவ்ளோ ஜல்தின்னு கேக்குறாரு.”

“ஜல்தி இல்லம்மா, மரியாதைன்னு சொல்லு.”

“இன்னொரு வாட்டி இடிச்சா, நீங்க இறங்கி வண்டி வாடகைக் கடையிலயே உக்காரணுமாம்.”

செல்வி தில்லியில் மோதி பாக் பள்ளியில் படித்தபோது பெற்றோர் கூட்டத்துக்கு மனைவிதான் உள்ளே போவாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு டீச்சரிடம் பேச என்ன இருக்கிறது என்று நான் பள்ளி கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். செல்வி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவாள். இங்கேயும் நான் வெளியே நிற்பதென்றால், அதற்கு விமானம் ஏறி வந்திருக்க வேண்டாம்.

“சீதா நில்லுங்கப்பா. உங்க சாகிப் யாரும் இங்க இல்ல.”

இந்தியில் சீதா என்றால் நேராக. நேராக நிற்பது எப்படி என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்து அப்படி நிற்கிறவர்கள் என் சாகிப்புகள்தான். எத்தனையோ பேர் மாறினார்கள், நிற்கிற விதம் மாறவில்லை. வயிற்றைத் தள்ளினேன். குதிகாலை ஊன்றினேன். எல்லார் தலைக்கும் மேலே பார்த்தேன். வண்டி அடங்கி நின்றது. தாடையைக் கொஞ்சம் முன்னே நீட்டினால் மெதுவாக நகர்ந்தது.

பிறகு இரண்டு மணி நேரம், அரண்மனை, தேவாலயம், குதிரைமேல் உட்கார்ந்த ராஜா சிலை என்று அத்தனையையும் சாகிப்பாகவே பார்த்தேன். லூகாஸ் சொன்ன சரித்திரம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய மாதிரி லேசாகத் தலையசைத்தேன், சாகிப்புகள் ஃபைலைப் பார்த்துச் செய்வதுபோல. நிற்கிற இடத்திலெல்லாம் செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கொஞ்சம் சிரிங்களேன்ப்பா.”

“சிரிச்சா குனிஞ்சிருவேன்.”

நேற்று அலுவலகத்தில் சாகிப் கூப்பிட்டார். தட்டோடு போனேன். முதுகு பாதி வளைந்ததும் குதிகால் தானாக ஊன்றிக்கொண்டது. முன்னாலும் போகாமல் பின்னாலும் சாயாமல் அப்படியே நின்றேன். தேநீர் தளும்பியது.

“கியா ஹுவா? இடுப்பு வலியா?” என்று இந்தியில் கேட்டார் சாகிப்.

“ஹாங் சாப்” என்று முழுதாகக் குனிந்தேன். கோப்பையை மேசையில் வைத்தபோதும், செருப்புக்குள் குதிகால் மட்டும் அழுந்தியே இருந்தது.