என் மனைவி எழுதி வைத்த கல்வெட்டு

மனைவி இறந்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு முடிந்த மறுநாட் காலை, அவளுடைய தம்பி ஒரு கடதாசிக் கோப்புடன் வந்து என் முன்னால் அமர்ந்தார். அந்தியேட்டியன்று கொடுக்கவேண்டிய கல்வெட்டுக்கான பாட்டுகள் அதில் இருந்தன. இறந்தவரின் வரலாற்றையும், உறவினர் ஒவ்வொருவரும் அழுவதாக யாரோ எழுதிய பாட்டுகளையும் சிறு புத்தகமாக அச்சிட்டு, முப்பத்தோராம் நாளான அந்தியேட்டியில் சாப்பிட வந்தவர்களிடம் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். அதைத்தான் கல்வெட்டு என்போம். மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல், எல்லாவற்றுக்கும் முன்னால் கணவர் புலம்பல்.

"அத்தான், உங்கடையை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ."

என்னுடையது என்றார். புத்தூர்ப் புலவர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்த பன்னிரண்டு வரிகள். அவற்றில் நான் அவளைக் கண்ணே என்றும் கிளியே என்றும் கூவித் தலையில் அடித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்துமூன்று வருடங்களில் அவளை நான் அப்படி ஒருமுறையும் அழைத்ததில்லை.

"ஆர் உம்மை உதைச் செய்யச் சொன்னது?"

"நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. சனம் கதைக்குது. பாட்டிலையாவது அழுங்கோவன்."

நான் கோப்பை மூடி அவர் பக்கம் தள்ளினேன். "அவ தன்ரை கல்வெட்டைத் தானே எழுதி வைச்சிருக்கிறா. கணினியிலை கிடக்குது. அதையே அச்சடிக்கச் சொன்னவ."

அது உண்மை. வைத்தியசாலையில் இரண்டு முறை சொன்னாள். தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அவள், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அயலூர்க்காரருக்குக் கல்வெட்டு எழுதிக் கொடுத்தவள். நீர்வேலி ஊர்க்காரர் வாழைக்குலையுடன் வந்து, இறந்துபோன தங்கள் தாயின் கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் எழுதி, பக்கமும் தானே அமைத்து, அச்சகத்துக்கு அனுப்புவாள். இதற்கு அவளிடம் ஒரு பழைய செயலியும், அதற்கேற்ற பழைய எழுத்துருவும், இரண்டையும் தாங்கிய ஒரு சாம்பல் நிறக் கணினியும் இருந்தன.

அந்தக் கணினியை அகற்றியவன் நான். மூன்று வருடங்களுக்கு முன், கண் சத்திரசிகிச்சைக்காக அவள் வைத்தியசாலையில் இருந்த நாட்களில், அவளை மகிழ்விக்க எண்ணிப் புதிய கணினி ஒன்று வாங்கினேன். கோப்புகள் அனைத்தையும் அதில் ஏற்றினேன். பழையதைப் பழைய இரும்பு சேர்ப்பவரிடம் கொடுத்துவிட்டேன். வீடு திரும்பிய அவள் மேசையை நெடுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் ஏத்திப்போட்டியளோ?"

"ஓம். ஒண்டும் விடேல்லை."

அதன் பிறகு அவள் கல்வெட்டு எழுதவில்லை. கேட்டு வந்தவர்களிடம் கண் சரியில்லை என்றாள். அதே கண்ணால் அவள் ஊசியில் நூல் கோப்பதை நான் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் பௌதிகவியல் கற்பித்தவன்; கண்ணெதிரே கிடந்த சான்றைக் கவனிக்காதவன்.

மைத்துனர் போனதும் கணினியைத் திறந்தேன். கோப்பு இருந்தது. தொட்டதும், இதைத் திறக்கக்கூடிய செயலி எதுவும் இல்லை என்றது இயந்திரம். அவளுடைய இழுப்பறையில் செயலியின் குறுந்தட்டைத் தேடி எடுத்து நிறுவ முயன்றேன். இச்செயலி இந்தக் கணினியில் இயங்காது என்று, ஒரு கதவையும் அறைந்து சாத்தாத அந்த மரியாதையான மொழியில், மூன்று முறை பதில் வந்தது. அப்போதுதான் குறுந்தட்டின் உறையைப் பார்த்தேன். மேலே, நிறுவுவதற்கான இலக்கம் மையில். கீழே, பென்சிலால், அவளுடைய நேரான கையெழுத்தில்: "புதியதில் ஏறாது."

அவள் முயன்றிருக்கிறாள். குறித்து வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

கொடிகாமத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் பெண்மணி கெட்டிக்காரி என்றார்கள். மைத்துனரே தன் காரில் ஏற்றிச் சென்றார். வழி நெடுகப் புலவரின் பெருமை சொன்னார். கடைக்காரிக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். குறுந்தட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"சேர், உங்களிட்டைப் படிச்ச ஆக்களே இப்ப பென்சன் எடுக்கினம். உது அதுக்கு முதலே செத்த சாமான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மைத்துனர் அவளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இருங்கோ சேர்," என்றாள்.

முதலில், பழைய இயங்குதளத்தில் இருப்பதாக நினைத்துக்கொள் என்று செயலிக்குச் சொல்லிப் பார்த்தாள். அது நம்பவில்லை. பிறகு புதிய கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினி இருப்பதுபோல அமைத்து, அதற்குள் பழைய இயங்குதளத்தை நிறுவி, அதன்மேல் செயலியை ஏற்றினாள். அதற்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் நாங்கள் மீண்டும் போனபோது, செயலி ஏறியிருந்தது. ஆனால் திறக்க மறுத்தது.

"இப்பத்தைய வருசத்தைக் கண்டால் எழும்பாதாம். திகதியைப் பின்னாலை தள்ளிவிடுறன்."

எட்டு வருடம் தள்ளினாள். திரையின் மூலையில், என் மனைவி மதியச் சமையலில் இருந்திருக்கக்கூடிய ஒரு திகதி தோன்றியது. உயிரில்லாத ஒரு செயலியை எழுப்ப இத்தனை பொய் போதும் என்பதை வெறுப்புடன் குறித்துக்கொண்டேன். அந்த மூலை தெரியாதபடி நாற்காலியை நகர்த்தினேன்.

கோப்பு திறந்தது. முதலில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். பழைய எழுத்துருவை ஏற்றியதும் அவை தமிழாயின.

நான்கு பக்கங்கள். பிறப்பு, பெற்றோர், படித்த பாடசாலை, படிப்பித்த பாடசாலைகள், பிள்ளைகள். ஒரு மிகைச்சொல் இல்லை. மற்றவர்களுக்காக ஆயிரம் கிளிகளை அழவைத்தவள், தனக்கு ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை.

மைத்துனர் என் தோளுக்கு மேலால் வாசித்தார். "அத்தான், பெரியக்காவை உயிரோடை போட்டிருக்கிறா!"

ஆம். அவர்களுடைய மூத்த சகோதரி இறந்து இரண்டு வருடம். இறந்த மற்ற உறவினர் எல்லாருடைய பெயருக்கும் முன்னால் அமரர் என்று இருந்தது. அவருக்கு மட்டும் இல்லை. இப்படியொரு தவறை அவள் ஒருநாளும் விட்டுவைக்கமாட்டாள். திருத்துவதற்கு அவளிடம் இயந்திரம் இருக்கவில்லை.

"மேலை கிடக்கிற சொல்லை எடுத்து இதிலை ஒட்டினால் சரி, சேர்," என்றாள் கடைக்காரி.

"வேண்டாம். உதிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."

கடைசிப் பக்கத்தின் தலைப்பு "கணவர்". புலம்பல் என்ற சொல் இல்லை. அதன்கீழ் ஒரு வரி மட்டும், அடைப்புக்குறிக்குள், தனக்கே எழுதிய குறிப்பாக:

(அவரைக் கேட்டு எழுதவேண்டும்.)

கடைக்காரி கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள்.

மைத்துனர் தொண்டையைச் செருமினார். "இடம் கிடக்குதுதானே, அத்தான். புலவரின்ரை பாட்டு அளவாய் இருக்கும்."

"இப்பிடியே அடிக்கச் சொல்லும்."

"அந்த வரியோடையோ? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

வீடு வரும்வரை அவர் என்னுடன் கதைக்கவில்லை. அது அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம்.

முந்நூறு பிரதிகள் வந்தன. இரண்டு நாள் மேசையில் இருந்து, ஒவ்வொன்றிலும் மூத்த சகோதரியின் பெயருக்கு முன்னால் அமரர் என்று பேனாவால் எழுதினேன். அந்தத் திருத்தத்தை அவளும் செய்திருப்பாள். கடைசிப் பக்கத்தை நான் தொடவில்லை. அதை நிரப்பும் உரிமை எனக்கு இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. மூன்று வருடம் ஒரே வீட்டில், கேட்கும் தூரத்தில், இருவரும் இருந்தோம்.

அந்தியேட்டியன்று ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர் ஒருவர், பந்தியில் இருந்தபடியே கல்வெட்டைக் கடைசிவரை புரட்டினார். பிழை பிடிக்கப் பழகிய கண்.

"சேர், உந்தக் கடைசி வரியை அழிக்க மறந்திட்டினம் போலை."

"மறக்கேல்லை."

அவர் மறுபடி வாசித்தார். "அப்ப, அவ உங்களைக் கேட்டவவோ?"

"இல்லை."

அவர் மேலும் ஏதாவது வரும் என்று முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அவருக்குப் பாயாசம் வைக்கும்படி மைத்துனரிடம் சொல்லிவிட்டு, நான் அடுத்தவருக்கான பிரதியை எடுத்தேன்.