எருமை இழுத்துப்போன பாசிப் பண்ணை

சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு எங்கள் மாமாவின் கடற்பாசிப் பண்ணையை ஓர் எருமை மேயத் தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் அப்பாவின் கைக்கடிகாரம். அதற்குச் சில நிமிடங்களில் நின்றுபோன அது, பல வருடங்கள் எங்கள் அலமாரியில் நின்ற நேரத்தையே காட்டிக்கொண்டு கிடந்தது.

பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல்லில் கடல் இல்லை என்பது மாமாவுக்கும் தெரியும். அம்மாவின் தம்பியான அவர் எலெக்ட்ரானிக் சிட்டியில் மெஷின் ஓட்டிக்கொண்டு, ஆனேக்கல்லில் வாடகைக்கு இருந்தார். இரண்டாயிரம் பிறந்த புதிதில், மண்டபம் ஊர்க் கடற்கரையில் ஒரு நண்பரோடு சேர்ந்து பாசி வளர்ப்பதென்று முடிவுசெய்து, பயிற்சிக்கும் போய் வந்துவிட்டார். வேலையை விடுவதற்கு முன் ஒரு தெப்பம் கட்டி ஏரியில் மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டுமாம். கடலில் சொதப்பினால் ஊரே சிரிக்கும். ஏரியில் சொதப்பினால் நாங்கள் மட்டும்தான் சிரிப்போம்.

லிங்கராஜபுரத்திலிருந்து அப்பாவும் நானும் காலையிலேயே பஸ் பிடித்துப் போய்விட்டோம். அம்மாவுக்கு அரை நாள் வேலை இருந்தது. சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தாள். எனக்குப் பத்து வயது.

நான்கு மூங்கில்களைச் சதுரமாக வைத்து, மூலைக்கு மூலை குறுக்குக் கழி கொடுத்துக் கட்டினார் மாமா. அதன் நடுவே வரிசையாகக் கயிறுகள். ஒவ்வொரு கயிற்றிலும் சாண் இடைவெளியில் சின்ன நூல் வளையங்கள். கடலில் என்றால் ஒவ்வொரு வளையத்திலும் ஒரு கொத்துப் பாசியைச் செருகி இறுக்குவார்கள். அதுவே வளர்ந்து பெருகும். பெங்களூரில் பாசிக்கு எங்கே போவது? மார்க்கெட்டிலிருந்து பாலக் கீரை வந்தது. விரல் சிவக்கச் சிவக்க நானும் உட்கார்ந்து கட்டினேன்.

மீன்கள் பாசியைத் தின்றுவிடாமல் தெப்பத்தின் அடியில் வலை கட்ட வேண்டும் என்று மாமாவே சொல்லியிருந்தார். அந்த வலை எங்கே என்று அப்பா கேட்டார்.

"ஏரில எந்த மீன் மச்சான் கீரை திங்கும்? நீங்க வேற!"

நங்கூரம் மட்டும்தான் எங்கள் வீட்டுச் சரக்கு. அம்மாவின் குழவிக்கல். மிக்ஸி வந்த பிறகு அது சமையலறை மூலையில் சும்மா கிடந்தது என்றாலும், அம்மா கல்யாணத்தின்போது கொண்டுவந்தது. அவளிடம் சொல்லாமல் துணிப்பையில் போட்டுத் தூக்கி வந்திருந்தோம். "உங்க அக்கா வர்றதுக்குள்ள கல்லு வெளிய வந்துடணும் மாப்ள" என்று அப்பா இரண்டு முறை எச்சரித்தார். அன்றைய ஆபத்து என்று நான் புரிந்துகொண்டது அந்தக் கல்லைத்தான்.

தெப்பம் மிதந்தது. மாமா விசிலடித்தார். எடை தாங்குகிறதா என்று பார்க்க, ஒரு மூலையில் பலகை போட்டு என்னை உட்காரவைத்தார். முழங்கால் ஆழம்தான். அப்பா கரையில் நின்று "பத்திரம், பத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் எருமை வந்தது. ஆழமான பக்கத்திலிருந்து மூக்கு மட்டும் தெரிய நீந்தி வந்து, கயிறுகளுக்கு இடையே தலையை நுழைத்து, நான் கட்டிய கீரையை நிதானமாகத் தின்றது. மாமா கையைத் தட்டி விரட்டினார். அது மிரண்டு தலையைத் தூக்க, கொம்பில் கயிறு மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான். நங்கூரக் கயிறு அவிழ்ந்து குழவிக்கல் ஏரிக்குள்ளேயே தங்கிவிட்டது. எருமை, தெப்பம், நான், மூவரும் நடு ஏரியை நோக்கிப் புறப்பட்டோம்.

எனக்கு ஒரே குஷி. மாமா கரையோரம் ஓடி ஓடி யாரையோ கூப்பிட்டார். அப்பா சட்டை, செருப்பு, கடிகாரத்தோடு தண்ணீருக்குள் நடந்து வந்தார். கழுத்தளவு வந்ததும் நின்றார். முகவாயை உயர்த்தி, ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு இன்னும் ஓர் அடி வைத்தார். தலை முழுகி மேலே வந்தது. அது எனக்கு மிகப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

"அப்பா, வாட்ச் நனையுது!" என்று கத்திச் சிரித்தேன். அப்பா கண்ணை என்மீதிருந்து எடுக்கவே இல்லை.

எருமைக்காரம்மா வரப்பிலிருந்து இறங்கி வந்து, "கௌரீ! பாரே இல்லி!" என்று, இங்கே வாடி எனக் கன்னடத்தில் ஓர் அதட்டல் போட்டார். கௌரி எங்களை இழுத்துக்கொண்டு சமர்த்தாகத் திரும்பியது. வழியில் அப்பா தெப்பத்தின் மூங்கிலைப் பிடித்தவர், கரை வந்த பிறகும் விடவில்லை.

"பாலக் கட்டி தண்ணில விட்டா எருமெ வராம கவர்னரா வருவாரு? புத்தி இல்வா உங்களுக்கு?" என்று அந்தம்மா கொம்பிலிருந்து கயிற்றைக் கழற்றிக்கொண்டே திட்டினார். மாமா, "வலை கட்டியிருக்கணும்" என்று முணுமுணுத்தார்.

போன வாரம் என் மகள் பள்ளிச் சுற்றுலாவில் படகில் உட்கார்ந்து எடுத்த படம் ஒன்றை அனுப்பினாள். மிதவைச் சட்டை போட்டிருந்தாள், பக்கத்தில் ஆசிரியை இருந்தார், வாயெல்லாம் சிரிப்பு. அவள் வீடு வந்து சேர்ந்து, சாப்பிட்டு, தூங்கியும் ஆயிற்று. நான் இன்னும் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கரை எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று கடைசியாக வந்து சேர்ந்தது அம்மா. பஸ் ஸ்டாண்டிலிருந்து டிபன் கேரியரோடு நடந்து வந்தாள். "அக்கா, அந்தக் குழவிக்கல்லு..." என்று மாமா தொடங்கினார். நான் அவருக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன், முடியவில்லை. அப்பாவின் கை என் கவுன் நுனியை இறுக்கிப் பிடித்திருந்தது. அம்மா மாமாவைப் பார்க்கவே இல்லை. நனையாத என் தலையையும், அப்பாவின் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவின் கவனம் குழவிக்கல்லில் இல்லை என்றதும், தப்பித்தோம் என்று நான் பெருமூச்சு விட்டேன்.

"ஏங்க," என்றாள் அம்மா, மிக மெதுவாக. "உங்களுக்கு நீச்சல் தெரியாதே."