விரதக்காரியோடு மேப்பிள் பாகு ருசிக்கப் போனது

பள்ளிக்கூட மார்ச் விடுமுறையின் முதல் நாள், திங்கட்கிழமை, எங்கள் வீடு இருக்கும் டோர்செட் பார்க்கிலிருந்து காரில் முப்பத்தைந்து நிமிடம் ஓடி, நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய வாழ்க்கையை அப்படியே நடத்திக் காட்டும் பண்ணை ஒன்றுக்குப் போனோம். நுழைவு பெரியவருக்குப் பதினைந்து டொலர். இனிப்புத் தண்ணீர் கொதிப்பதைப் பார்க்க நானாக அந்தக் காசைக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் காய்ச்சுவது எங்கள் மகள் அபிநயா. பள்ளிக்கூடம் கேட்கிற தொண்டு வேலை மணித்தியாலங்களைச் சேர்க்க அங்கே போனவளுக்கு அன்றுதான் முதன்முதலாக அடுப்பைக் கொடுத்திருந்தார்கள். அம்மா வந்து ருசி பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு நிபந்தனைகள் மட்டும்: சத்தமாகக் கதைக்கக்கூடாது, வீடியோ எடுக்கக்கூடாது.

பனி உருகிப் பாதை முழுவதும் சேறு. நான் கோயிலுக்குப் போடுகிற சப்பாத்தோடு போனேன். நீங்கள் பூட்ஸ் போடுங்கள். மேப்பிள் மரங்களில் நீர் பிடிக்கும் வாளிகள் தொங்குகின்றன. இரவு உறைந்து பகல் இளகினால்தான் நீர் சொட்டுமாம். ஒரு வாளியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். வெறும் பச்சைத் தண்ணீர். நாற்பது வாளி வற்றினால்தான் ஒரு வாளி பாகு என்று பலகையில் எழுதியிருந்தது. ஓ.எல். பரீட்சையில் கணக்கை இரண்டாந்தரம் எடுத்துத் தேறிய எனக்கும் அது விளங்கியது.

வில்லங்கம் பலகையின் அடியில் இருந்தது. பாகு பொங்கி வழியாமலிருக்க, சட்டிக்கு மேலே பன்றிக்கொழுப்புத் துண்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடுவார்களாம். நுரை எழும்பி அதில் பட்டதும் அடங்கிவிடும். அன்று பங்குனித் திங்கள், அம்மனுக்கு விரதம். மனைவி சுகந்தி முட்டை பட்ட பாத்திரத்தையே தொடாத நாள்.

நிமிர்ந்து பார்த்தேன். புகைக்குள் மூன்று இரும்புச் சட்டிகள். கடைசிச் சட்டிக்கு மேலே நூலில் வெள்ளையாக ஏதோ ஆடுகிறது. கணுக்கால்வரை பாவாடையும் துணித்தொப்பியுமாக அபிநயா மரக்கரண்டியில் பாகை அள்ளி, ஊதி, அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். சொன்னால் மகளின் முகம் வாடும். சொல்லாவிட்டால் விரதம் போகும். சேற்றில் சறுக்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கத்தியபடி ஓடினேன்.

"சுகந்தி, வாயில வைக்காதையும். உதில பன்றிக்கொழுப்பு தொங்குது."

கரண்டி அந்தரத்தில் நின்றது. சுற்றி நின்ற வெள்ளைக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நல்ல காலம்.

"அப்பா, அது துணியில முடிஞ்ச பட்டர்," என்றாள் அபிநயா, பல்லைக் கடித்துக்கொண்டு. "அந்தக் காலத்தில அதுவும் யூஸ் பண்ணினவையாம். அம்மாக்குத் திங்கள் எண்டு நான் போன கிழமையே கேட்டு மாத்தினனான்."

சுகந்தி உடனே நம்புகிற ஆளில்லை. "சட்டி?"

"இந்த வருசம் இப்பதான் முதல்தரம் காய்ச்சுறம். நான்தான் தேய்ச்சனான். கையைப் பாருங்கோ."

வீட்டில் ஒரு தேநீர்க் கோப்பை கழுவாத பிள்ளை. நகத்துக்குள்ளெல்லாம் கரி. சுகந்தி அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கரண்டியை வாங்கி வழித்துச் சாப்பிட்டாள்.

"கொஞ்சம் புகை மணக்குது," என்றாள். "இன்னும் கொஞ்சம் தா."

அபிநயா விரதம் பிடிப்பதில்லை. திங்கட்கிழமைகளில் வெளியே பேர்கர் சாப்பிட்டுவிட்டு வருகிறவள். அவளுக்குப் பங்குனியும் தெரியாது, சித்திரையும் தெரியாது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அம்மாவுடைய நாள் மட்டும் தெரிந்திருக்கிறது.

போகிறவர்கள் காலையில் திறந்தவுடன் போங்கள்; மத்தியானத்துக்குப் பிறகு சேறு இன்னும் மோசம். அங்கே பாகு ஊற்றித் தருகிற பான்கேக்கில் முட்டை உண்டு. விரதக்காரர்கள், சட்டிக்கு மேலே என்ன தொங்குகிறது என்று முதலில் கேளுங்கள், என்னைப்போலக் கத்தாமல். அடுப்படியில் நிற்பது உங்கள் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். பேசாமல் வாயைத் திறந்தால் போதும்.