மூப்புப் பட்டியலில் முதல் பெயர்

"பணியில் உள்ள தொழிலாளியின் பிள்ளைகளுக்கு, பதிவு மூப்பின்படி, ஆண் பெண் வேறுபாடின்றி வேலை தரப்படும்." எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றில் நிர்வாகமும் சங்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பதினொன்றாம் பிரிவு இது. 'ஆண் பெண் வேறுபாடின்றி' என்ற சொற்களை வாதாடிச் சேர்க்க வைத்தவர் சங்கச் செயலாளர். அவர் என் அப்பா.

மாலையானால் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள். லீவு மறுப்பு, சம்பள வெட்டு, தற்காலிக நீக்கம். அவர் சொல்லச் சொல்ல மனு எழுதுவது எட்டாம் வகுப்பிலிருந்தே என் வேலை. "வாயால கேட்டா பிச்ச கண்ணு. எய்திக் கேட்டா உரிம" என்பார். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் கையெழுத்து வாங்காமல் எந்தத் தாளையும் கைவிடக் கூடாது என்று அவரிடம்தான் கற்றேன். பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில் பலர் என்னைக் கண்டு எரிச்சலடைந்ததற்கு அவரே பொறுப்பு.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நீண்ட வேலைநிறுத்தம். மனுவால் அடுப்பு எரியாது. அம்மா ராயபுரத்தில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போனார். ஐஸும் இறால் முள்ளும் சேர்ந்து விரல் நுனிகளைப் பிளந்தன. குழம்பு பட்டால் எரியும் என்று சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். வேலைநிறுத்தம் முடிந்தும் கொட்டகை விடவில்லை, கடன் இருந்தது. நான் பி.யு.சி.யோடு நின்று, தட்டச்சில் ஹையர் தேறினேன். தொழிற்சாலையில் டைப்பிஸ்ட் இடம் காலியானபோது மூப்புப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. "நீ வேலைக்குப் போற அன்னிக்கே கொட்டாய்க்குத் தல முயுகிட்றேன்" என்று அம்மா சொல்லியிருந்தார்.

வேலை இரண்டாம் பெயருக்குப் போனது. அடுத்த தெருப் பையன். லட்டுப் பொட்டலத்தோடு வந்து, "எல்லாம் உன் கைராசிதான்க்கா" என்றான். அவனுடைய விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

அன்று சாப்பிடும்போது அப்பா எதையும் மறைக்கவில்லை. என் பெயர் வேண்டாமென்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார்.

"என் முறைதானே நைனா?"

"முறதான், யாரு இல்லன்னா? நாளிக்கு நான் ஃபேக்டரி கேட்டாண்ட நின்னு பேச வேணாமா? 'பொண்ண சொருகிக்கினு நாயம் பேச வந்துட்டாரு'ம்பானுங்க."

அம்மா கரண்டியைத் தட்டில் போட்டார். "ஊரான் வூட்டுப் புள்ளைங்களுக்கெல்லாம் எய்திக் குட்த்த. உன் வூட்ல ஒண்ணு கீதே, அது கண்ணுக்குத் தெர்லயா? உன் பேரு பளபளன்னு இர்க்கணும், என் கை இப்டியே இர்க்கணும். அதானே?"

அப்பா கை கழுவ எழுந்து போனார். மறுநாள் அம்மா வழக்கம்போல் கொட்டகைக்குப் போனார்.

அப்பா கற்பித்தபடியே நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டேன். பதிவுசெய்தவரின் கையெழுத்து இல்லாமல் பெயரை நீக்க எந்த விதி இடம் தருகிறது? ஒப்புதல் கையெழுத்து வாங்கினேன், ஆண்டுதோறும் நினைவூட்டல் அனுப்பினேன். இடையில் தேர்வு எழுதி அரசு வேலைக்கும் வந்துவிட்டேன். அதற்குள் அம்மாவின் விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. நினைவூட்டலை நான் நிறுத்தவில்லை.

அப்பாவுக்குத் தொழிற்சாலை வாசலில் வழியனுப்பு விழா நடந்தது. தன் பிள்ளைக்கென்று எதுவும் கேட்காத தலைவர் என்று பேசினார்களாம். ரோஜா மாலையோடு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவருக்கு முன்பே தபால் வந்திருந்தது. என் பெயரை நீக்கியது முறையன்று, மீண்டும் முதலிடத்தில் சேர்க்கப்படுகிறது. எனினும் தந்தை ஓய்வு பெறுவதால் பதினொன்றாம் பிரிவு இனி எனக்குப் பொருந்தாது. நான் எழுதிக் கேட்டதற்குப் பதில் வந்த நாள், அவருடைய பணியின் கடைசி நாள்.