நல்ல நாளில் கேட்ட கேள்வி

சென்ற வருடம் ஆயுத பூஜையன்று காலையில், இராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் யூனிட்டில் தொடங்கியது இது. புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியை வெட்டி, மடித்து, பாக்கெட் போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற சின்னத் தொழில் எங்களுடையது. தறிப் பக்கம் என் கணவர் பார்த்துக்கொள்வார். ஆபீஸ், பில், கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. எந்த லாட் நம்பர் சரக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனது என்பது அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். ஒரே தடவையில் தயாரான சரக்குக்குப் போடுகிற அந்த லாட் நம்பர் பாக்கெட்டில் இருக்கும், பில்லில் வராது. யாராவது கேட்டால் நானும் அதைத் தட்டிப் பார்த்துத்தான் சொல்வேன்.

அதைப் பழுது பார்த்துக் கவனித்துக்கொண்டிருந்தவர் துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். இனி தனி ஆளை நம்பாமல், ஏதாவது ஒரு கம்பெனியிடம் பொறுப்பைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். மதுரையிலிருந்து ஒரு கம்பெனி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெண். தறி ஓடாத நாள் என்றால்தான் என் கணவருக்கு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். அதனால் இருவரையும் பூஜையன்றே வரச் சொல்லிவிட்டோம்.

மதுரைக்காரர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். தேய்த்த சட்டை, வழுவழு காகிதத்தில் அச்சடித்த படங்கள். மதுரையில் இருந்தபடியே எங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வார்களாம். "உங்களுக்கு ஒரு கவலையும் வேண்டாம் மேடம்" என்பதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று தெரியாது. கேட்கக் கேட்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அடுத்து அந்தப் பெண் ஸ்கூட்டரில் வந்தாள். முப்பது வயது இருக்கும். கூட ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலைச் செய்வதாகச் சொன்னாள். நாங்கள் மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டிருந்தோம். அவள் கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்தாள். தினமும் கணக்கு நகலாகிற டிஸ்க் அதிலேயே செருகி இருந்தது. அதைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, நகல் எடுத்த பிறகு இதைத் தனியாகத்தான் வைக்க வேண்டும் என்றாள். அதோடு விட்டிருக்கலாம்.

"அக்கா, நாளைக்குக் காலையில இந்தப் பொட்டி எந்திரிக்கவே இல்லன்னு வைங்க. கெட்ட சரக்கு ஒண்ணு வெளிய போயிருச்சு. எந்த ஆஸ்பத்திரில கெடக்குன்னு எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

சூடத்தட்டு கையில் இருக்கும்போது கேட்கிற கேள்வியா அது? என் கணவரின் முகம் சுருங்கிப்போனது. அவள் போகும் வரை பொறுத்திருந்துவிட்டு, "வாய் முகூர்த்தம்னு ஒண்ணு இருக்குல்லா? நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது. இந்தப் பொண்ணு வேண்டாம்" என்றார். எனக்கும் அது சுருக்கென்றுதான் பட்டது. கெட்ட பேச்சுக்குப் பரிகாரம்போல அந்த டிஸ்க்குக்கும் ஒரு பொட்டு வைத்து, கத்தரிக்கோல், டேப்போடு சேர்த்து சாமி அலமாரியில் வைத்தேன். விஜயதசமி நல்ல நாள் என்று மறுநாளே மதுரைக்காரர்களுக்குச் சம்மதம் சொன்னோம். அங்கிருந்தே எங்கள் கம்ப்யூட்டருக்குள் வர அன்றைக்கே வழி செய்துகொண்டார்கள். பழைய டிஸ்க் இனித் தேவையில்லை, அடுத்த வாரம் நாங்களே புது ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். அதனால் டிஸ்க் பூஜை போட்ட இடத்திலேயே கிடந்தது.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் ஒரு காலையில் போன் வந்தது. எங்கள் பாக்கெட்டுகளுக்குக் கிருமி நீக்கம் செய்து கொடுக்கிற வெளியூர் நிறுவனத்திலிருந்து. பூஜைக்கு முன்னால் செய்த ஒரு லோடில் கிருமி முழுதாகச் சாகவில்லையாம். வேறு லோடின் ரிப்போர்ட்டை மாற்றி எங்களுக்கு அனுப்பிவிட்டார்களாம். லாட் நம்பரைச் சொல்லி, அதை உடனே நிறுத்துங்கள் என்றார்கள். நிறுத்த என்ன இருக்கிறது? விடுமுறைக்கு முன்பே வண்டி ஏறிப் போய்விட்ட சரக்கு அது.

ஓடிப்போய் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. பெயர்கள் எல்லாம் புரியாத எழுத்துகளாக மாறியிருந்தன. திரை நடுவே ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல்: உங்கள் கணக்குகளைப் பூட்டிவிட்டோம், பணம் கொடுத்தால் திறப்போம். அந்த நேரத்திலும் என் புத்தி போன இடத்தைப் பாருங்கள், பாவி, அவள் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டதே என்று அந்தப் பெண்ணைத்தான் திட்டினேன்.

மதுரைக்குப் போன் செய்தேன். புகாரைப் பதிவு செய்யுங்கள், எங்கள் டீம் பார்க்கும் என்றார்கள். ஆஸ்பத்திரி விஷயம் என்று கெஞ்சினேன். வரிசைப்படிதான் மேடம் என்றார்கள். அடுத்த தடவை போனை எடுக்கவே இல்லை. வெளியிலிருந்து பார்ப்பதற்காக அவர்கள் திறந்து வைத்த வழியில்தான் திருடன் உள்ளே வந்திருக்கிறான் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

இதற்கிடையில் எனக்குள் இன்னொரு பயம் ஏறிக்கொண்டிருந்தது. அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கைக்கு சிசேரியன். அந்த ஆஸ்பத்திரிக்கு எங்கள் காஸ்தான் போகிறது. நான்தான் பேசி அவளை அங்கே சேர்த்துவிட்டிருந்தேன். தங்கை வீட்டுக்காரருக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

வெட்கத்தை விட்டுவிட்டு அந்தப் பெண்ணுக்கு அடித்தேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள் நாங்கள். ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். நெட் வயரைப் பிடுங்குங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்றாள். பிறகு, "அக்கா, அந்த டிஸ்க் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. சாமி அலமாரி என்று சொல்லிக்கொண்டே திரும்பினால் அலமாரியில் டிஸ்க் இல்லை. எனக்கு முன்பே என் கணவருக்கு ஞாபகம் வந்துவிட்டிருக்கிறது. டிஸ்க்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் தொங்கிய வயரை அதில் செருகக் குனிந்துகொண்டிருந்தார். போனில் அவள், "அந்த மெஷின்ல மட்டும் மாட்டிராதீங்கக்கா, மாட்டுனா அதும் போயிரும்" என்கிறாள்.

நான் கத்திய கத்தில் தறிப் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை அப்படி அதட்டியதில்லை. வயர் முனை டிஸ்க்கின் ஓட்டைக்கு விரல்கடை தூரத்தில் இருந்தது. அவர் அப்படியே உறைந்துபோய், டிஸ்க்கைக் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் வரும் வரை அதைக் கீழே வைக்கவே இல்லை.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து சேருவதற்குள், போனில் நம்பர் இருந்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அடித்து, அந்த லாட்டைத் தொடாதீர்கள் என்று சொன்னோம். ஆனால் பாதிப் பேரின் நம்பர் அந்தப் பூட்டிய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. ஒருவழியாக என் தங்கை இருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் கிடைத்தார். பாக்கெட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். லைனில் தூரத்துப் பேச்சும் செருப்புச் சத்தமும் மட்டும் கேட்டது. திரும்பி வந்து, இது வேறு லாட், ஆபரேஷன் முடிந்து தாயும் பிள்ளையும் நலம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே என் மீது எனக்கே அருவருப்பாக இருந்தது. அந்த லாட் வேறு எங்கோ யாரோ ஒருவரின் புண்ணில்தானே இருக்கிறது? அவருக்கும் ஓர் அக்கா இருப்பாளே.

அந்தப் பெண் வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தன்னுடைய லேப்டாப்பைத் திறந்துவிட்டு டிஸ்க்கை வாங்கிப் பார்த்தாள். வயர் மாட்டுகிற ஓட்டையில் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அடைத்திருந்தது. மாமா, ஒரு ஊசி குடுங்க என்று என் கணவரிடம் கேட்டு வாங்கி, எங்கள் காஸ் துண்டு ஒன்றை அதன் முனையில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தாள். கிடைத்துவிடுமா என்று கேட்டேன். "தெரியலக்கா. கெடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். அன்றைக்கு யாரும் எனக்கு அவ்வளவு நேராகப் பதில் சொல்லவில்லை.

முதல் தடவை மாட்டியபோது ஒன்றும் நடக்கவில்லை. என் கணவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடியும் துடைத்து மாட்டினாள். டிஸ்க்கின் ஓரத்தில் சின்ன நீல விளக்கு எரிந்தது. பூஜைக்கு முந்தின நாள் வரைக்குமான கணக்கு அப்படியே இருந்தது.

அந்த லாட் மூன்று இடத்துக்குப் போயிருந்தது. சிவகாசியில் பெட்டியே பிரிக்கவில்லை. ஆலங்குளத்தில் அலமாரியில் அடுக்கியதோடு சரி. வத்திராயிருப்புப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மட்டும் ஒரு பாக்கெட்டைப் பிரித்து, மகாராஜபுரத்து விவசாயி ஒருவருக்குக் காலில் மண்வெட்டி வெட்டிய புண்ணில் முந்தின நாள்தான் கட்டியிருந்தார்கள். டாக்டர் ஆள் அனுப்பி அவரை வரவழைத்து, கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து, மருந்தும் மாற்றினார். புண் ஆறும் வரை தினமும் நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் காய்ச்சல் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு நாங்கள் இருவரும் நேரில் போய் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர், "அதுக்குத்தான் நடவு நேரத்துல என்னயப் பஸ் ஏத்தி அலையவிட்டாவளா?" என்றார்.

இப்போது எங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது அந்தப் பெண்தான். இந்த வருட ஆயுத பூஜைக்கும் வந்திருந்தாள். சூடம் காட்டி முடித்ததும் என் கணவரே அவளைக் கூப்பிட்டு, "அந்தக் கேள்விய இப்பக் கேளும்மா" என்றார். அவள் கேட்டாள். நாங்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பொட்டு படாமல் தனியாக வைத்திருந்த டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டி, ஒரு லாட் நம்பரைத் தேடி எடுத்துக் காட்டினோம். அதற்குப் பிறகுதான் பொரிகடலை கொடுத்தோம்.

எங்களைப் பயமுறுத்திய ஒருத்தியை அன்று கெட்ட வாய் என்று விரட்டிவிட்டு, குளுகுளுவென்று பேசியவரிடம் சாவியைக் கொடுத்தோம். இன்றைக்கும் யாராவது என்னிடம் "ஒரு கவலையும் வேண்டாம்" என்று சொன்னால், முகம் தெரியாத ஒருவரின் புண்ணில் எங்கள் துணி ஒட்டியிருப்பது போலவே தோன்றுகிறது.