சாமி சொல்லாத வாக்கு

எங்கள் பெரியம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு முறை சாமி வரும். வாரத்துக்கு ஒரு முறை பெரியப்பாவின் போன் வரும். இரண்டுக்கும் அவள் குரல் மாறிவிடும். போனில் அவள் பேசுவது பெரும்பாலும் ஒரே சொல்தான்: "சரிங்க." சவுதியிலிருந்து பெரியப்பா மாட்டை விற்கச் சொன்னாலும் சரிங்க, விற்க வேண்டாம் என்றாலும் சரிங்க. ஆனால் ஆடி மாதம் கோயில் வாசலில் சாமி இறங்கிவிட்டால், அதே வாய் ஊர்ப் பெரிய மனிதர்களையெல்லாம் "ஏன்டா, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாடா?" என்று கேட்கும். அவர்களும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தப்புத்தான் தாயி" என்று குழைவார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். சாமி அவரை 'டா' போட்டதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகப் பக்தி வந்தது.

திருமயத்திலிருந்து வரும் டவுன் பஸ் திரும்பிப் போகும் கடைசி ஊர் எங்களுடையது. அம்மாவும் பெரியம்மாவும் அக்கா தங்கை. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தார்கள். பெரியம்மாவின் ஒரே மகள்தான் எனக்கு அக்கா. அவள் போகும் இடமெல்லாம் நானும் போவேன். தலை பின்னிவிடுவதிலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுப்பதுவரை எல்லாம் அவள்தான்.

ஆடியில் காப்புக் கட்டிவிட்டால் சாமியாடுகிறவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, எச்சில் பாத்திரம் தொடக் கூடாது. யாரும் அவரைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடவும் கூடாது. அந்த நாட்களில் பெரியம்மா எல்லோருக்கும் 'ஆத்தா'. பெரியம்மா மஞ்சள் சேலையில் சும்மா உட்கார்ந்திருக்க, அம்மா ஒற்றை ஆளாக அடுப்படியில் கிடந்து அல்லாடுவாள். "எங்கக்காளுக்கு வருசத்துக்கு ஒருக்கா லீவு. எனக்கு எந்தச் சாமியும் எறங்க மாட்டேங்குது" என்று பாத்திரங்களிடம் முறையிடுவாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் பெரியப்பா ஆடிக்கு லீவில் வந்தார். பெட்டி நிறையப் பேரீச்சம்பழமும் போர்வைகளும் கொண்டுவந்தார். கூடவே ஒரு முடிவையும் கொண்டுவந்திருந்தார்: அவருடைய தங்கை மகனுக்கும் அக்காவுக்கும் ஆவணியில் கல்யாணம். அக்கா அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். திருச்சியில் நர்ஸ் படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. "இடம் கெடச்சா போயிரணுமா? அந்த இடத்துக்கு வேற புள்ள போகும்" என்று பெரியப்பா அதை ஒரே வரியில் முடித்துவிட்டார். பெரியம்மா வழக்கம்போல, "சரிங்க" என்றாள்.

அக்கா அழவில்லை, கத்தவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் எழுந்து போனாள். அன்றிலிருந்து யாரோடும் பேச்சே இல்லை. என் தலையை அம்மா பின்னிவிட ஆரம்பித்தாள். இரட்டைச் சடையில் ஒன்று மேற்கே போனால் ஒன்று கிழக்கே போகும். இதற்கு ஒரு முடிவு கட்டியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வழியும் கண்ணுக்கெதிரே மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கொல்லையில் பெரியம்மா தனியாக இருந்தபோது போய்ச் சொன்னேன். "பெரியம்மா, ஒனக்குச் சாமி வரும்போது, அக்கா படிக்கட்டும்னு பெரியப்பாகிட்டச் சொல்லிரு. அவரு தட்ட மாட்டாரு."

உறவு சொல்லிக் கூப்பிட்டதற்கு அவள் என்னைத் திட்டவில்லை. முகம்தான் வெளிறிப்போயிற்று. "அடி பாவி, அது நான் பேசுறேன்னா நெனச்ச?"

"ஒன் வாயிதான?"

"வாயி என்னுது. பேசுறது நான் இல்லடி."

"அப்ப அந்நேரம் நீ எங்க இருப்ப?"

அவளை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும். "கம்மாயில முங்குற மாதிரிதான். முங்குறது தெரியும், ஏறுறது தெரியும். நடுவுல என்னான்னு தெரியாது. ஆனா அங்க யாரும் இல்லடி. ஒங்க பெரியப்பாவும் இல்ல, ஒங்க அக்காவும் இல்ல, நானும் இல்ல. அங்க நல்லாருக்கும்." சொல்லிவிட்டு, வெட்கப்பட்டவள்போல் எழுந்து போய்விட்டாள்.

இப்போது நான் திருச்சியில் ஞாயிறுதோறும் ஒரு தியான வகுப்புக்குப் போகிறேன். நான், நீ என்கிற இரண்டும் இல்லாத நிலை என்று அங்கே அடிக்கடி சொல்கிறார்கள். எனக்கு இன்னும் முழங்கால் வலிதான் தெரிகிறது. கண்ணை மூடினால் பெரியம்மா சொன்ன அந்தக் கண்மாய்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது எனக்கு ஒரு சாக்காகத்தான் பட்டது. மகளுக்காகப் பேசப் பயம், அதற்கு ஒரு கண்மாய்க் கதை என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் நாளன்று மத்தியானம் பொங்கல் பொங்கி இறக்கியதும் பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். பெரியம்மாவுக்குத் தோள் குலுங்கியது, கூந்தல் அவிழ்ந்தது, சாமி இறங்கிவிட்டது. ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள், திருநீறு வாங்கினார்கள், திட்டு வாங்கினார்கள். கடைசியாகப் பெரியப்பா வந்தார். சட்டையில்லாமல் கைகட்டி நின்ற அவரை அப்போதுதான் முதல்தடவையாகப் பார்க்கிறேன். கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தார்.

"தாயி, புள்ளைக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கேன். ஒரு வாக்குக் குடு தாயி."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமி திருநீற்றை அள்ளி அவர் நெற்றிக்குக் கொண்டுபோனது. பாதி வழியில் கை நின்றது. ஆட்டமும் நின்றது. பம்பைக்காரர்கள் ஒன்றும் புரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பெரியம்மா அள்ளிய திருநீற்றைத் தட்டிலேயே போட்டாள், சேலையை இழுத்துச் சரிசெய்தாள், கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"ஆத்தா?" என்றார் பூசாரி.

"ஆத்தா போயிருச்சுங்க. நான்தான் நிக்கிறேன்." அது போனில் பேசும் அதே சன்னக் குரல். பம்பை நின்றுவிட்டது. அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். "ஏங்க, அவ படிக்கட்டும்ங்க."

பெரியப்பா கட்டிய கையை அவிழ்க்காமலே கேட்டார். "இது சாமி சொல்றதா?"

"இல்லங்க. நான் சொல்றேன்."

பூசாரி கெட்டிக்காரர். ஊர் நடுவில் இப்படி ஒரு வம்பு ஆகிவிடக் கூடாதென்று சத்தமாக, "அட, ஆத்தாதான்யா எறங்கி வந்து ஒன் பொண்டாட்டி குரல்ல பேசுது! வாக்க வாங்கிக்க!" என்றார். கூட்டமும் ஆமாம் ஆமாம் என்றது. பெரியப்பாவின் கைகள் மறுபடி கும்பிடப் போயின. பெரியம்மா சும்மா நின்றிருந்தாலே போதும், காரியம் முடிந்திருக்கும்.

"சாமி மேல போடாதீங்கய்யா" என்றாள். "அது ஒண்ணும் சொல்லல. பெத்தவ நான்தான் சொல்றேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். அக்கா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் பெரியம்மாவின் பக்கத்தில் போகவில்லை. எப்போதும் அவளைத் தாங்கிப் பிடித்து இளநீர் கொடுப்பவர்கள்கூட எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா மட்டும் போய், "வாக்கா, வீட்டுக்குப் போவோம்" என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

கதை அதோடு முடியவில்லை. சாமி பாதியில் போனது கெட்ட சகுனம் என்று மாப்பிள்ளை வீட்டாரே பயந்து, கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார்கள். பெரியப்பா முகம் கொடுத்துப் பேசாமலே சவுதிக்குத் திரும்பினார். போன் வந்தது. பெரியம்மா எல்லாவற்றுக்கும் சரிங்க சொல்லிவிட்டு, வைக்கும்முன், "அவ படிக்கட்டும்ங்க" என்பாள். அந்தப் பக்கம் பெரியப்பா போனை வைத்துவிடுவார். அடுத்த வாரமும் சொல்வாள். அந்த வருஷத்து இடம் போயே போய்விட்டது. மறுவருஷம் ஏதோ ஒரு போனில் பெரியப்பா, "என்னமோ பண்ணித் தொலைங்க" என்றார். அக்கா திருச்சிக்குப் பஸ் ஏறினாள். இன்றைக்கு அவள் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு முழுக்க அதிகாரம் பண்ணுகிறாள்.

அக்கா போன பிறகு வந்த ஆடியிலும் பெரியம்மாவுக்குத்தான் காப்புக் கட்டினார்கள். கை ஓயும்வரை பம்பை அடித்தார்கள். அவள் கண்ணை மூடி நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. வெயில் சாயும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். பூசாரி வேப்பிலையைப் பெரியம்மாவின் கையிலிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார். பெரியம்மா போய் எல்லோரோடும் வரிசையில் நின்று, அந்தச் சின்னப் பெண்ணின் காலில் விழுந்து எழுந்தாள். அதற்கப்புறம் எந்த வருஷமும் அவளுக்குச் சாமி வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது ஆறுதல் சொல்வதாக நினைத்து, "இனிமே சாமியாடுன மறுநாளு ஒடம்பு வலிக்காதுல பெரியம்மா?" என்றேன். "ஆமாடி தங்கம்" என்றாள். வந்ததும் வராததுமாக எச்சில் பாத்திரங்களை எடுத்துப் போட்டுக் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

யாருடைய பெண்டாட்டியாகவும் யாருடைய தாயாகவும் இல்லாமல் இருக்க அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் இடம் இருந்தது. அங்கிருந்து மகளுக்காக அவளே ஏறி வந்தாள். திரும்பப் போக முடியாது என்று தெரிந்துதான் வந்தாளா, தெரியவில்லை. இன்றுவரை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வயதில் அதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? ஊரே நம்பக் காத்திருந்தபோது ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லத் தெரியாத பெரியம்மா என்றுதான் ரொம்ப நாள் அவள்மேல் கோபமாக இருந்தேன்.