பூமிக்கு எடுக்க வந்த ஸ்கேன்

என் பத்தாவது வயதில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஓர் அதிகாரியிடம் “பீலா உடாதீங்க சார்” என்று சொன்னேன். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. ‘ங்க’வும் போட்டேன், ‘சாரு’ம் போட்டேன். இருந்தும் அது ஊரில் பெரிய பேச்சாகிவிட்டது.

அந்தச் சொல்லை எனக்குக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சென்னையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தீபாவளிக்கு நான்கு நாள் வந்து தங்கியவர், போகும்போது ஒரு பை நிறையச் சொற்களை என்னிடம் விட்டுப் போனார். வெறும் மிரட்டலுக்கு உதார். போலி ஆளுக்கு டுபாக்கூர். கூசாமல் புளுகினால் பீலா. அம்மாவுக்கு இவை அறவே ஆகாது. “இன்னொரு தடவ காதுல விழுந்துச்சுன்னா வாயில சூடு வச்சிருவேன்” என்று சொல்லியிருந்தாள்.

சித்தியின் சொற்களுக்கு மட்டும் வீட்டில் தனி மரியாதை. அம்மாவின் தங்கையான சித்தி எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தாள். அவள் பேச்சைக் கேட்டுக் கேட்டு அப்பாவும் பயிரில் புகையான் பூச்சி விழுந்தால் “கீழ மடையில இன்ஃபெக்‌ஷன் ஆரம்பிச்சிருச்சு” என்பார். மருந்து அடித்துவிட்டு வந்து “ரெண்டு டோஸ் போட்டாச்சு” என்பார்.

அந்த நிலம் எங்களுடையது அல்ல. கும்பகோணத்தில் இருந்த ஒரு குடும்பத்துடையது. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், தாத்தா காலத்திலிருந்து குத்தகை. குத்தகை உரிமைக்காக நடந்த அந்தக் காலத்துச் சண்டைகளில் தாத்தா மண்டை உடைபட்டுச் சம்பாதித்தது ஒன்றே ஒன்றுதான். குத்தகைதாரர் என்று அவர் பெயர் அரசாங்கப் பதிவேட்டில் ஏறியது. பிறகு அது அப்பா பெயருக்கு மாறியது. அந்தத் தாளின் நகல் எங்கள் வீட்டில், அரசு கொடுத்த இலவச டி.வி.க்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

மார்கழியில், எனக்கு அரையாண்டு விடுமுறை நடந்துகொண்டிருந்தபோது, ஜீப்புகள் வந்தன. மஞ்சள் சட்டை போட்ட ஆட்கள் வரப்பெல்லாம் ஆரஞ்சு நிற ஒயரை இழுத்துக்கொண்டு போனார்கள். சம்பா பால் பிடித்து நின்ற நேரம். சில வயல்களில் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை ஊன்றினார்கள். அதில் ஒன்று எங்கள் வயலின் நட்ட நடுவில் நின்றது. என்ன ஏதென்று தெரியாமல் ஊரே வாய்க்கால் மதகருகே கூடியது.

அவர்களோடு வந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி பேசினார். “பயப்படாதீங்கம்மா. உடம்புக்கு ஸ்கேன் எடுக்கிறோம்ல, அது மாதிரி பூமிக்கு ஸ்கேன் எடுக்கிறோம். ஊசி குத்துற மாதிரி சின்னதா ஒரு துளை. அதுக்குள்ள மாத்திரை மாதிரி கொஞ்சம் வெடிமருந்து. பூமி லேசா இருமும். அந்த இருமலைக் கேட்டு உள்ள என்ன இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லிரும். சைடு எஃபெக்ட் எதுவும் கிடையாது.”

பெண்கள் தலையாட்டத் தொடங்கினார்கள். ஊசி, மாத்திரை, இருமல் எல்லாம் தெரிந்த விஷயங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

பச்சைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியோடு அந்த வழியாக வந்த சித்தி மொபெட்டை நிறுத்தினாள்.

“சார், நான் இந்த ஊரு நர்ஸ். ஸ்கேன் எடுக்கணும்னா ஒரு சந்தேகம் இருக்கணும். உங்களுக்கு என்ன சந்தேகம்?”

“ஹைட்ரோகார்பன் இருக்கலாம்னு. எண்ணெய், எரிவாயு.”

“இருந்துச்சுன்னா?”

“அதை மேலிடம் முடிவு பண்ணும்மா.”

“அப்ப ஆபரேஷன் உண்டு.”

அதிகாரியின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. சித்தி விடவில்லை. “ஆபரேஷன் உண்டுன்னா அதையும் இப்பவே சொல்லணும். நோயாளிகிட்ட கையெழுத்து வாங்கணும். வாங்கிட்டீங்களா?”

அவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கும்பகோணத்துக்காரரின் கையெழுத்து. “நிலத்துக்குச் சொந்தக்காரரே சம்மதம் கொடுத்துட்டாரு.”

“ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டா, உள்ள படுத்திருக்கிறவன் வயித்தக் கிழிச்சிருவீங்களா சார்? பயிர் வைக்கிறவர் இந்தா நிக்கிறாரு. பதிவேட்டுல பேரு இருக்கு. அவரக் கேட்டீங்களா?”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி தோளில் போட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. நாலு வார்த்தை பேசத் தெரியாத மனிதருக்கு மகளாகப் பிறந்தோமே என்று நினைத்தேன்.

அதிகாரி குரலை உயர்த்தினார். “படிச்ச நீங்களே இப்படிக் குழப்பலாமா? நான் கேரண்டி தர்றேன். ஒரு கதிர் சாயாது!”

அவருக்குப் பின்னால், அவருடைய ஆட்கள் ஒயர் இழுத்துப் போன தடத்தில், பக்கத்து வயல் பயிர் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. பூட்ஸ் தடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எந்தச் சொல்லும் என் வாய்க்கு வரவில்லை.

“பீலா உடாதீங்க சார். பின்னால திரும்பிப் பாருங்க.”

யாரோ ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது அப்படியே பரவியது.

“என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?” என்றார் அதிகாரி.

“நீங்க சொன்னதை ஒரு தடவ சரிபார்க்கணும்னு சொல்லுது” என்றாள் சித்தி, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல்.

அம்மா என்னை நோக்கி வந்தாள். கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வயலில் இறங்கி, பயிரை இரு கையாலும் விலக்கி விலக்கி நடந்து, சிவப்புத் துணிக் குச்சியிடம் போனாள். களை பறிக்கிற மாதிரி ஒரே இழுப்பு. வேரைப் பார்ப்பதுபோல அதன் அடியைப் பார்த்தாள். பிறகு கரையில் விட்டெறிந்துவிட்டு, அந்த இடத்திலேயே நின்றுகொண்டாள்.

“இப்ப எடுங்க ஸ்கேனு” என்றாள்.

மற்ற பெண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எத்தனை குச்சிகள் இருந்தனவோ அத்தனை இடத்திலும் ஒருத்தி நின்றாள். அதிகாரி யார் யாரிடமோ போனில் பேசினார், அதட்டிப் பார்த்தார், போலீஸ் வரும் என்றார். வெயில் உச்சிக்கு ஏறியும் முழங்கால் சேற்றிலிருந்து ஒருத்தியும் நகரவில்லை. சித்தி ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “மருந்து கெட்டுரும், மிச்சத்தையும் போட்டுட்டு வந்துர்றேன்” என்று போனாள். சொன்னபடியே திரும்பி வந்து சேற்றில் இறங்கினாள். பொழுது சாய்வதற்குள் அதிகாரியும் ஆட்களும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தச் சம்பா நன்றாக விளைந்தது. அம்மா எனக்குச் சூடு வைக்கவில்லை. ஆனால் மாமா அடுத்த முறை வந்தபோது, இரண்டு நாள்தான் தங்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

மாசியில் சித்திக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மேற்கே, மலைப்பக்கம். பஸ்ஸில் ஒரு முழு நாள் போகவேண்டிய ஊர். இரண்டு நாளில் போய்ச் சேரவேண்டும் என்று இருந்தது. யாரும் எனக்குக் காரணம் சொல்லவில்லை. நல்ல வேலை செய்கிறவர்களைக் குளிர் ஊருக்கு அனுப்புவார்கள் போலும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் பெருமையாகவும் சொன்னேன். சித்தி கலகலப்பாகத்தான் இருந்தாள். அழுதுகொண்டே துணி மடித்த அம்மாவிடம், “ஊசி போடுறவளுக்கு எந்த ஊரா இருந்தா என்னக்கா? அங்கயும் பூமி இருக்கு, அங்கயும் கேக்க ஆள் வேணும்” என்றாள்.

புறப்படும்போது சித்தியின் இரும்புப் பெட்டியை எடுத்துப் போக ஆள் வந்திருந்தான். அப்பா அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார். துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, பெட்டியைத் தானே தூக்கி ஏற்றிக்கொண்டார்.

“அத்தான், வேணாம், விடுங்க” என்றாள் சித்தி.

அப்பா தெரு நடுவில் நடந்தார். மைத்துனியோடு நேருக்கு நேர் நின்றுகூடப் பேசியிராத மனிதர், முதல் அறுப்பின் நெற்கட்டைக் களத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி, முதுகை நிமிர்த்திக்கொண்டு மெயின் ரோடு வரை போனார். வழியில் இருவர் கைகொடுக்க வந்தார்கள், தரவில்லை. வாசலுக்கு வாசல் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

நான் பத்தடி பின்னால் நடந்தேன். அவ்வளவு பேர் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. கூலி ஆள் சும்மா கூட வர, இவர் எதற்காகச் சுமக்கிறார்? உள்ளே நாலு சேலையும் ஒரு போர்வையும்தானே இருக்கின்றன என்று அப்போது நினைத்தேன்.